பலகையில் ஒரு ளகரம்

படி செங்குத்துதான். ஏறி வந்தால் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். உட்காரம்மா, மின்விசிறிக்கு நேராக உட்கார். காபி போடட்டுமா? வேண்டாமா? தண்ணீராவது குடி. இதோ, சொம்பிலேயே வைத்திருக்கிறேன்.

சாந்தாமணி. ஆறுச்சாமியின் மகள். அப்போது உனக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். உன் பெயரை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "எங்க சாந்தா உங்க காலேஜ்லதான் படிக்கோணுமுங்க டீச்சர்" என்பார். நான் அந்தக் கல்லூரியிலிருந்து விலகி வந்துவிட்டேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அது 'உங்க காலேஜ்'தான். அங்கே சேர்ந்தாயா? பத்தாவதோடு நின்றுவிட்டதா? சரி.

ஆவணியில் தவறிப்போனார் என்று வாசலிலேயே சொன்னாய். எனக்குத் தெரியாதும்மா. சொல்ல ஆளில்லை. அந்த ஷேர் ஆபீஸ் கூடத்து மனிதர்கள் ஒருவரோடும் எனக்கு இப்போது பேச்சு இல்லை.

மடியில் வைத்திருக்கிற மஞ்சள் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதினைந்து சர்டிபிகேட். ஒவ்வொன்றிலும் நூறு ஷேர். மூலையில் பச்சை மையில் ஒரு காந்தள் பூ அச்சடித்திருக்கும். கீழே என் பெயர், ந. குமுதவல்லி. ஒவ்வொன்றோடும், ஷேரைப் பெயர் மாற்றுவதற்காக, குண்டூசி குத்திய ஒரு மாற்றுப் பாரம். அதில் விற்பவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, தமிழில். வாங்குபவர் என்ற இடம் காலி. "எல்லாமே உங்க பேர்லயே இருக்குதுங்க, கொண்டாந்து காட்டட்டுங்களா" என்று நீ போனில் கேட்டபோதே புரிந்துவிட்டது. உங்கப்பா தன் பெயரை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பவே இல்லை.

இதற்கு இப்போது ஏதாவது கிடைக்குமா என்று கேட்க வந்திருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. அந்தக் கம்பெனியே இல்லை. இதை நான் போனில் சொல்லியிருக்கலாம், உனக்கு இரண்டு பஸ் மிச்சமாகியிருக்கும். வரச் சொன்னது வேறொன்றுக்காக. உங்கப்பாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் முப்பது வருஷமாக இருக்கிறது.

நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லை. அதை முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் என் தொண்டையில் தொடங்கியது. இருபத்தாறு வருஷம் தமிழ் வகுப்பு எடுத்த தொண்டை. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, பேச்சைக் குறைக்காவிட்டால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி ஆள். வாடகை வீடு, அதுவரைக்கும் நான்கு வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கடைசியில் ஒன்றையே சொல்வார், "மகனுக்கு வேணுமுங்க." நான்காவது வீட்டுக்காரர் ஆடி பிறப்பதற்குள் காலி செய்துவிடச் சொன்னார். ஆடியில் குடிபோக முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை யாரும் போகச் சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கையில் இருந்த சேமநிதிப் பணத்துக்கு ஒரு வாசற்படிகூட வராது.

என் பழைய மாணவி ஒருத்தியின் கணவர் தண்டபாணி. ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜவுளிக்கடை மாடியில், ஷேர் ஆபீஸ் வைத்திருந்தார். சப் புரோக்கர். "சும்மா வந்து உக்காந்து பாருங்கம்மா, பொழுது போகும்" என்றார். போனேன். இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டெலிபோன், ஒரு கரும்பலகை. தண்டபாணி போனில் விலை கேட்டுக் கேட்டுப் பலகையில் எழுதுவார். வருகிறவர்களில் பாதிப் பேர் மில் மூடி வேலை போனவர்கள், அதனால் எல்லாம் தமிழில்தான் எழுதுவார். கரும்பலகையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, ஒரு வருஷமாகச் சுண்ணாம்புக்கட்டியைத் தொடவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரே பெண் நான். டீச்சர் என்றார்கள். பேராசிரியை என்று திருத்த எனக்குக் குரல் இல்லை.

போன புதிதில் அவர்கள் பலகையைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பலகையை யாரும் பார்க்கவில்லை. பலகையைப் பார்க்கிற அடுத்தவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். நூல் கடை சுப்பண்ணன் என்று ஒருவர், பருத்த மனிதர். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் பின்வரிசை முழுக்க முன்னால் நகரும். அவர் வெற்றிலை துப்ப எழுந்து போனால், "அண்ணன் ஏனப்பா எந்திரிச்சுட்டாரு, எறங்கப் போகுதா?" என்று ஒரு குரல் வரும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். நான் படித்தவள், இவர்கள் மந்தை என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தேன், ஆமாம். மறைப்பானேன்.

உங்கப்பா கடைசி வரிசை, சுவரோரம். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். செட்டில்மெண்ட் பணம் இன்னும் வந்திருக்கவில்லை. சும்மா வந்து பார்ப்பார், ஒரு நோட்டில் விலை எழுதிக்கொள்வார். அவசரப்படாத மனிதர். எனக்குத் தொண்டை சரியில்லை என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுவந்தார். "நம்ம ஊட்டுல போட்டதுங்க. கருப்பட்டிதானுங்க, சக்கரை இல்லீங்க" என்று மூடியில் ஊற்றி நீட்டுவார். உங்கம்மா போட்டது. ஆறு மாதம் குடித்தேன்.

தண்ணீர் அப்படியே இருக்கிறதே. குடியம்மா.

தை மாதம் ஒருநாள் பலகையின் அடியில் புதிதாக ஒரு பெயர். 'காந்தல் எக்ஸ்ட்ராக்ட்ஸ்.' விலைக்கு நேரே வெறும் கோடு. அன்றைக்கு ஒரு ஷேர்கூடக் கைமாறவில்லை என்றால் கோடு போடுவார்கள். கண்வலிக்கிழங்கு தெரியுமல்லவா, மூலனூர்ப் பக்கம் கம்பிப் பந்தல் கட்டி விளைவிக்கிறார்களே, அதன் விதையிலிருந்து மருந்து எடுக்கிற கம்பெனி. அந்தச் செடியின் பூதான் காந்தள். சங்கப் பாட்டில் மலைச் சாரல் முழுக்கப் பூத்துக் கிடக்கும், பெண்களின் விரலுக்கு உவமையாக வரும். தண்டபாணி லகரம் போட்டுவிட்டார். காந்தல் என்றால் அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிழையோடு ஒரு சொல்லைத் தினமும் பார்ப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எட்டாம் நாள் எழுந்து போனேன். லகரத்தை விரலால் அழித்தேன். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, நிறுத்தி, அழகாக ஒரு ள போட்டு, மேலே புள்ளி வைத்தேன். திரும்பினேன். கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர் என்னமோ குறிச்சுட்டாங்களப்பா" என்றார் சுப்பண்ணன்.

எழுத்துப்பிழை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்தான். டாக்டர் பேசக் கூடாது என்றிருந்தார். அது ஒரு காரணம். இத்தனை ஆண்கள் வாயடைத்து என்னைப் பார்த்ததும் நன்றாகத்தான் இருந்தது. அது இன்னொரு காரணம்.

அன்று மாலையே நூறு ஷேர் வாங்கச் சொன்னேன். எதற்கு? பெயருக்காக. அந்தப் பெயரில் ஏதாவது ஒன்று எனக்குச் சொந்தமாக வேண்டும் என்று தோன்றியது. "அது ஓடாத ஷேருங்கம்மா, பதினோரு ரூபாய்க்குக் கேட்டா விக்க ஆளே இருக்காது" என்றார் தண்டபாணி. தேடிப் பிடித்துப் பதிமூன்றுக்கு வாங்கித் தந்தார். மறுநாள் பலகையில் கோடு இல்லை. காந்தள், பதிமூன்று.

"பதினொண்ணு கெடந்தது பதிமூணுங்கறான். ஆரோ எடுக்கறாங்கப்பா" என்றார் சுப்பண்ணன்.

யாராக இருக்கும் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கலாம், சாந்தாமணி. நான் இதை நினைத்துச் சிரித்து ரொம்ப காலம் ஆயிற்று. அந்த விலையை ஏற்றியவள் நான், நூறே ஷேரில். ஆனால் பலகையில் பார்த்தபோது அது என் காலடி என்று தோன்றவில்லை. எனக்கு முன்னால் விவரம் தெரிந்த யாரோ நடந்துபோகிறார் என்றுதான் தோன்றியது. இன்னும் இருநூறு வாங்கினேன். பதினாறு. சுப்பண்ணன் வாங்கினார். பத்தொன்பது. முன்வரிசை வாங்கியது. இருபத்தாறு.

சந்தையில் அந்த ஷேர் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் கம்பெனிக்காரர்கள் கையில். பத்துப் பேர் கேட்டால் போதும், விலை ஏறும். மாசி முடிவதற்குள் ஒரு கதையும் முளைத்துவிட்டது. டீச்சரின் மாணவி புருஷன் அந்தக் கம்பெனியில் டைரக்டர் என்று. என் மாணவி புருஷன் தண்டபாணிதான், அங்கேயே நின்று விலை எழுதிக்கொண்டிருந்தார்! ஆனால் அந்தக் கதையை மூன்றாம் ஆள் வழியாக நான் கேட்டபோது என்ன செய்தேன் தெரியுமா? என் மாணவிகளில் யாராக இருக்கும் என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். என்னைப் பற்றிய வதந்தியை நானே பாதி நம்பினேன். சேமநிதியில் மிச்சமிருந்ததையும் போட்டேன். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ஷேர்.

மற்றவர்கள் சர்டிபிகேட்டைத் தங்கள் பெயருக்கு மாற்ற மெனக்கெட மாட்டார்கள், அப்படியே கைமாற்றி விடுவார்கள். நான் எல்லாவற்றையும் கம்பெனியின் ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு அனுப்பி என் பெயருக்கு மாற்றி வாங்கினேன். அந்தப் பூவுக்குக் கீழே என் பெயரைப் பார்க்க ஆசை.

சித்திரையில் உங்கப்பாவுக்குப் பணம் வந்தது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பாங்கில் போட்டுவிட்டு வந்து முதலில் என்னிடம்தான் சொன்னார். சோமனூரில் தறி இரண்டு போட வேண்டும், கொட்டகைக்கு இடம் பார்த்தாயிற்று, இன்னும் முப்பதாயிரம் குறைகிறது என்றார். அதற்கப்புறமும் ஒரு மாதம் ஒன்றும் வாங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். காபி ஊற்றித் தரும்போது தினமும் கேட்பார், "ஏனுங்க டீச்சர், இன்னைக்கு எடுத்தீங்களா?"

அந்தக் கூடத்தில் வாங்குவதற்கு எடுப்பது என்றுதான் பேச்சு. துணி எடுத்தேன் என்கிற மாதிரி. நான் இல்லை என்று தலையசைப்பேன், அல்லது ஆமாம் என்று. அவர் எழுதிக்கொள்வார். நான் எடுத்த நாட்களுக்கு அவர் நோட்டில் ஒரு சுழி போட்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லலாம். தெரியும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.

ஆனி பிறந்தது. காந்தள் அறுபத்திரண்டு. ஆடிக்கு ஒரு மாதம்கூட இல்லை. இந்த வீட்டை விலைக்குப் பேசி முடித்திருந்தேன், முன்பணம் கட்ட வேண்டும். விற்க மனமில்லை, இன்னும் ஏறும் என்று கூடமே சொல்கிறது. ஒருநாள் விடியக் கிளம்பி பஸ் பிடித்துத் தாராபுரம் போய், அங்கிருந்து மூலனூர்ப் பக்கம் போனேன். கம்பெனியைச் சோதிக்கப் போகவில்லை. இத்தனை வயதுக்குக் காந்தளைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், கொடியில் பார்க்க வேண்டும் என்று போனேன்.

ஆனியில் காந்தள் பூக்காது. அதுகூட எனக்குத் தெரியவில்லை. வெறும் கம்பிப் பந்தல், கீழே அப்போதுதான் புதைத்த கிழங்கு. கம்பெனி என்பது ஒரு தகரக் கொட்டகை. பூட்டு துருவேறியிருந்தது. வாட்ச்மேன் ஒருவர் வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி லீவா?" என்று கேட்டேன்.

"லீவெல்லாம் இல்லீங்க. போன தீவாளியோட சரி. மிசினைக்கூடப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கே நாலு மாசச் சம்பளம் பாக்கிங்க. நீங்க பாங்கிலிருந்து வாறீங்களா?"

இல்லை என்றேன்.

தீபாவளிக்கே நின்றுபோன கம்பெனி. அதற்கப்புறம் தையில்தான் நான் ளகரம் எழுதினேன். ஆறு மாதமாக நாங்கள் யாரை வைத்து விலை ஏற்றிக்கொண்டிருந்தோம்? ஒருவரை ஒருவர் வைத்து.

மறுநாள் காலையில் தண்டபாணியின் அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. "ஒரேயடியா விக்கோணும்னா ஒரேயடியா வாங்க ஆள் வேணுமேங்கம்மா. இங்க எல்லாரும் உங்க முகத்தைப் பாத்துத்தான் வாங்கறாங்க. விக்கறது நீங்கதான்னு தெரிஞ்சா ஒரு ஷேர் போகாதுங்க." அப்புறம், "நான் வாயைத் தொறக்க மாட்டனுங்க" என்றார்.

மாற்றுப் பாரங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். இருபத்துநான்கு கையெழுத்து. முதலாவதும் கடைசியும் ஒரே மாதிரி இருந்தன. அதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். வாசலிலேயே உங்கப்பா, மூடியில் காபியோடு. பின்னால் கூடம் முழுக்க நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நேரம் கதவைச் சாத்திக்கொண்டு டீச்சர் உள்ளே என்ன செய்தார்?

"ஏனுங்க டீச்சர், எடுத்துட்டீங்களா?"

நான் சொன்னேன், "எடுத்துட்டேன்."

பணத்தை எடுத்துவிட்டேன் என்றும் பொருள். பாங்கில் பணம் எடுத்தேன் என்கிறோமே, அப்படி. அவர் காதில் என்ன விழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு இருபத்தாறு வருஷம் இரட்டுற மொழிதல் நடத்தியவள் நான். ஒரு சொல் இரண்டு பொருள்பட நிற்பது. பரீட்சையில் பத்து மதிப்பெண். கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி இரண்டு பக்கமும் கோடு இழுத்துக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நான் பொய் சொல்லவில்லை. யாரையும் வாங்கச் சொல்லவும் இல்லை. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குற்றமே இல்லை.

காபியைக் குடித்து முடித்து மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கவிழ்த்து உதறிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே தண்டபாணியிடம் போனார். ஆறு மாதமாக ஒரு ஷேர்கூட வாங்காத மனிதர். வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆயிரத்தைந்நூறுங்க டீச்சர். நல்லவேளை, ஆரோ மொத்தமா விக்கறாங்களாம், ஒரே எடத்துல கெடைச்சுது." மீதித் தொள்ளாயிரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அவர் நல்லவேளை என்று சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதுகூட நேரம் இருந்தது.

நீ இப்போது ஏறி வந்தாயே, அந்தப் படிதான். இந்த வீட்டு முன்பணத்தில் முக்கால்வாசி உங்கப்பா பணம். காலையில் பால் வாங்க இறங்கும்போதும் ஏறும்போதும் கால் வைக்கிறேன்.

பத்து நாள் கழித்து என் வாடகை வீட்டுக்கு அவர் வந்தார். முன்னால் வந்ததே இல்லை. கையில் ஒரு சீப்புப் பூவன் பழம், அக்குளில் ஒரு பெரிய கவர். தண்டபாணியிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு நேரே வருகிறார் என்று பார்த்ததும் புரிந்தது. என் பெயர் அச்சில் இருக்கிறது, கையெழுத்து தமிழில் இருக்கிறது. ஊரில் ஷேர் பாரத்தில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். ஓடி ஒளிய இடமில்லை. மூட்டை கட்டிய பாத்திரங்களுக்கு நடுவே நின்றேன்.

ஒரு பாரத்தை உருவி நீட்டினார். "இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாம்."

அதைத் திரும்பக் கவருக்குள் வைத்தார். அப்புறம் சொன்னார், "விட்டுக் குடுத்துட்டீங்களேங்க, டீச்சர்."

எனக்கு உயிர் வந்தது. சந்தையில் சரக்குக் கிடைக்காத நேரத்தில், அவருக்குத் தறி போட வேண்டும் என்று தெரிந்து, என்னுடையதை அவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டார். நன்றி சொல்ல வந்திருக்கிறார். பழம் வாங்கி வந்திருக்கிறார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். காபி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தேன். சொம்பை வாங்கி, குடிக்காமலேயே வாசல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நன்றிதான், சாந்தாமணி, முப்பது வருஷமாக என்னை அறுக்கிறது. திட்டியிருந்தால் தேவலை. பழியாவது தீர்ந்திருக்கும். ஏமாந்தவர் ஏமாற்றியவளுக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீப்பில் ஒன்றுகூட நான் தின்னவில்லை, கறுத்துப்போனதும் எடுத்துப் போட்டேன்.

ஆடியில் இங்கே குடிவர முடியாது என்பதால் ஆனி முடிவதற்குள் வந்துவிட்டேன். அந்தக் கூடத்துக்கு அப்புறம் போகவில்லை. டீச்சர் ஏன் வரவில்லை என்று முதல் வாரம் பேசியிருப்பார்கள். இரண்டாம் வாரம் சுப்பண்ணன் விற்கப் போயிருக்கிறார். அவர் எழுந்தால்தான் தெரியுமே, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வாங்க ஆளில்லை. நாற்பது, இருபது, ஒன்பது. அப்புறம் கோடு. தண்டபாணி வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் சொன்னார். "கடைசி வரைக்கும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல உங்க எழுத்து இருந்துதுங்கம்மா, அழிக்க மனசு வரலை" என்றார். லகரமே இருந்திருக்கலாம். அதுதான் சரியான பெயர்.

உங்கப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தேன். பத்து வருஷம் இருக்கும் அப்புறம். அதே கல்யாணத்தில், மண்டபத்து வாசலில், வாட்ச்மேன் காக்கிச் சட்டையோடு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். இன்னும் அதே மரியாதை என்று நினைத்தேன். உட்காராமல் உள்ளே போய்விட்டேன்.

அவ்வளவுதான். சுற்றிச் சுற்றிப் பேசுகிறேன். சொல்ல வேண்டிய சொல்லை இன்னும் சொல்லவில்லை.

விற்றேன். உங்கப்பா வாங்கிய ஆயிரத்தைந்நூறும் என்னுடையவை. கொட்டகை பூட்டிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அவர் வாங்குவார் என்று தெரிந்தே விற்றேன். இந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள் கிடையாது, எந்த அகராதியில் தேடினாலும்.

உனக்குக் கோபம் வரவில்லையா?

என்னம்மா? "தெரியுமுங்க"வா? யாருக்குத் தெரியும்? உங்கப்பாவுக்கா?

இரு. பையை ஏன் என் பக்கம் தள்ளுகிறாய்? இதற்கு விலை கேட்கத்தானே வந்தாய்? இல்லையா? கொடுத்துவிட்டுப் போகவா வந்தாய்? "அவிங்க பொருளு, அவிங்ககிட்டவே குடுத்துரு" என்றாரா? எப்போது சொன்னார்? சாகக் கிடக்கும்போதா?

வேறென்ன சொன்னார் என்னைப் பற்றி? கடைசி வரை என்னைச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று வாசலில் சொன்னாயே. அது மரியாதையாகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். என்ன சொல்வார்?

'டீச்சர் விட்டுக் குடுத்துட்டாங்க.'

ஆமாம். அதைத்தான் என்னிடமும்.

சாந்தாமணி, நான் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவள். 'எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள்' என்றால் நன்றி. 'என்னை விட்டுக்கொடுத்தீர்கள்' என்றால் வேறு. கைவிட்டீர்கள், காட்டிக்கொடுத்தீர்கள். அவர் 'எனக்கு' என்றும் சொல்லவில்லை, 'என்னை' என்றும் சொல்லவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது, பாரத்தில் வாங்குபவர் இடம் மாதிரி. நான்தான் அதில் 'எனக்கு' என்று எழுதிப் படித்துக்கொண்டேன். முப்பது வருஷம்.

அவர் தண்ணீரைத் தொடவில்லை. நீயும் தொடவில்லை.

வற்புறுத்த மாட்டேன். போகலாம், படியில் பார்த்து இறங்கு. போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் நினைவுபடுத்திச் சொல்லிவிட்டுப் போம்மா. வீட்டில், உங்களிடம், ஒரு தடவையாவது அந்த வார்த்தையை முழுசாகச் சொல்லியிருப்பாரே உங்கப்பா. 'எனக்கு' என்றாரா, 'என்னை' என்றாரா?